வீட்டை விற்கும் முன் பீரோவைத் திறங்கள்

தில்லியில் வீடு வாங்கிய கதையை நம்மவர் யாரிடம் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார். 1979-ஆம் வருஷத்து டி.டி.ஏ. பதிவுத் திட்டத்தில் பணம் கட்டியது, வருஷக்கணக்கில் குலுக்கலுக்குக் காத்திருந்தது, பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்தது, மனைவியின் இரட்டை வடம் அடகுக்குப் போய் வந்தது, சாவி வாங்கிய அன்று குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாதது, எல்லாம் ஒன்று விடாமல் வரும். அதே வீட்டை விற்றவரைக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ வந்த விலைக்குத் தள்ளிவிட்டாச்சு ஸார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன விலை, எப்படி நிர்ணயித்தார், எங்கே தடுக்கியது என்று ஒன்றும் வெளியே வராது. அதனால் ஒருவர் பட்ட சிரமம் அடுத்தவருக்குப் பாடமாவதில்லை. ஒவ்வொருவரும் புதிதாக அதே பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

இப்போது இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. சர்க்கார் உத்தியோகத்துக்காக வந்து, ஆர்.கே. புரத்திலும் லோதி ரோட்டிலும் குவார்ட்டர்ஸில் காலம் கழித்து, ஓய்வு பெறும் சமயத்தில் மயூர் விஹார், பட்பர்கஞ்ச், ஜனக்புரி, துவாரகா என்று குடியேறிய தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி நிற்கிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் மாதத்துப் புகை மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பெங்களூரிலோ நியூஜெர்ஸியிலோ இருக்கிறான். "விற்றுவிட்டு வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது அவனுக்குச் சுலபம். அந்த ஒரு வீடுதான் இந்தத் தம்பதியின் மொத்தச் சேமிப்பு. அதில் பத்து லட்சம் குறைந்தால் முதுமைக் காலத்தில் இரண்டு மூன்று வருஷத்து மருத்துவச் செலவு குறைந்த மாதிரி.

நம்மவர்கள் வீடு விற்கும் முறையைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். பிறகு காலை நடையில் நாலு பேரைக் கேட்டு ஒரு விலையை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஆள் வந்து அச்சாரமும் கொடுத்த பிறகுதான், "எங்கே அந்தப் பழைய ஃபைல்?" என்று பீரோவைத் திறக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். முதலில் பத்திரம், அடுத்து விலை, கடைசியில் பெயிண்ட்.

பத்திரம் என்று நான் சொல்வது வெறும் காகிதக் கட்டு அல்ல. தில்லியில் அதுவே விலையின் ஒரு பகுதி. டி.டி.ஏ. வீடுகளும் கூட்டுறவு சொஸைட்டி வீடுகளும் ஆதியில் குத்தகை நிலத்தில் வந்தவை. அவற்றை முழு உரிமையாக, அதாவது ஃப்ரீஹோல்டாக, மாற்றிக்கொள்ளும் வசதி 1992-இல் வந்தது. கட்டணத்தைக் கட்டிக் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டவர்கள் பலர். "நாம் இருக்கும் வரை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று விட்டுவிட்டவர்களும் பலர். இருக்கும் வரை யாரும் கேட்பதில்லை, வாஸ்தவம்தான். விற்கப் போகும்போது, வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறது.

இதைவிடச் சிக்கலான ரகம் ஒன்று உண்டு. எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் தில்லியில் பவர் ஆஃப் அட்டார்னி, விற்பனை ஒப்பந்தம், ஒரு உயில் ஆகிய மூன்றையும் கையில் கொடுத்து வீடு கைமாறுவது சர்வ சாதாரணம். 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், இப்படிக் கைமாறுவதால் சொத்துரிமை மாறிவிடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழியில் வாங்கிய வீட்டை இன்றும் வைத்திருப்பவர்கள் விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. பவர் கொடுத்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள்வதற்கும், அவர் காலமான பிறகு வாரிசுகளைத் தேடி மீரட்டுக்கும் பானிபட்டுக்கும் அலைவதற்கும் நிறைய வித்தியாசம்.

நமக்கென்றே வாய்த்த தொல்லை ஒன்று இருக்கிறது: பெயர். டி.டி.ஏ. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் 'கே. சுப்பிரமணியன்'. பான் கார்டில் தகப்பனார் பெயரை விரித்து 'கிருஷ்ணன் சுப்பிரமணியன்'. ஆதாரில் 'சுப்பிரமணியன் கே.' பாஸ்போர்ட்டில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று தெரியாமல் முன்பின்னாகப் போட்டது. நமக்கு எல்லாம் ஒரே ஆசாமி. ரிஜிஸ்டிரார் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் வடக்கத்தி குமாஸ்தாவுக்கு அவர்கள் இரண்டு பேர். ஒருவர் தகப்பனார், மற்றவர் பிள்ளை. அம்மாமிகளின் பெயர் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பிறகு கணவர் பெயர், ரேஷன் கார்டில் 'அம்மாள்', வங்கிக் கணக்கில் 'திருமதி'. இதைச் சரிசெய்யப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். எல்லாம் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம், முடிந்தவரை கார்டுகளில் ஒரே மாதிரித் திருத்தம். ஆனால் அச்சாரம் வாங்கிவிட்டு, அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆதார் மையத்து வரிசையில் நிற்பது எழுபத்தைந்து வயதில் தேவையா?

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு கணவர் பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டால் வீடு தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று நம் வீடுகளில் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இருந்தால் அவருடைய தாயார் என எல்லோருக்கும் சம பங்கு. சொஸைட்டியில் நாமினி என்று மனைவி பெயரை எழுதி வைத்தது மட்டும் அவரை முழுச் சொந்தக்காரர் ஆக்கிவிடாது. பிள்ளைகள் ஒற்றுமையாகவே இருக்கட்டும். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து அனுப்ப வேண்டும். பங்கை விட்டுக்கொடுக்காமல் அவனும் சேர்ந்து விற்கிறான் என்றால், வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் அவன் பங்குப் பணத்தில் வாங்குபவர் வழக்கமான 1 சதவிகிதத்தைவிடப் பல மடங்கு வரி பிடித்தாக வேண்டும். இதைக் கேட்டதும் வாங்க வந்தவர் பக்கத்து பிளாக்கில் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். ஒரு உயிலைப் பதிவு செய்து வைப்பதில் இத்தனையும் மிச்சம். "உயில் எழுதினால் ஆயுசு குறையும்" என்ற பயம் தில்லிக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் நம்மை விடவில்லை.

கூடவே வீட்டு வரி ரசீதுகள், மின்சாரம், ஜல் போர்டு பில்கள், சொஸைட்டியின் பாக்கியில்லாச் சான்று, வங்கிக் கடன் இருந்திருந்தால் அது அடைந்ததற்கான கடிதம், வங்கியிடமிருந்து திரும்பி வந்த அசல் பத்திரம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு வைத்தால் போதும். அசல் பத்திரம் காணாமற்போயிருந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் விளம்பரம், சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது விலை. நம்மவர்கள் ஏமாறுவதும் இங்கேதான், வீணாகக் காத்திருப்பதும் இங்கேதான். மலை மந்திர் படிகளிலும் பார்க் பெஞ்சிலும் விலை ஏறுகிற வேகம் வேறெங்கும் ஏறாது. "மூன்றாம் பாக்கெட்டில் ஒன்றே முக்கால் கோடிக்குப் போச்சாமே!" என்பார் ஒருவர். விசாரித்தால், போனது அல்ல, கேட்டது. ஆறு மாதமாக அந்த வீட்டு பால்கனியில் 'விற்பனைக்கு' அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. விலை நிர்ணயத்தில் பாதி வேலை இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

ஒரு விதத்தில் தில்லிவாசிகள் அதிர்ஷ்டசாலிகள். டி.டி.ஏ. பாக்கெட்டில் ஒரே ரகத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் வீட்டைப் போலவே அளவும் அமைப்பும் கொண்ட ஐம்பது வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கடந்த ஒரு வருஷத்தில் அவற்றில் எவை உண்மையாக விற்றன என்று பார்த்து, வாங்கியவரிடமே போய்க் கேளுங்கள். விற்றவர் கூட்டிச் சொல்வார், கௌரவம். வாங்கியவர் குறைத்துச் சொல்வார், அவருக்கு வேறு காரணம். நடுவில் உண்மை கிடைக்கும். இரண்டு மூன்று தரகர்களிடம் "என் வீடு என்ன போகும்?" என்று கேட்காமல், "இந்த பாக்கெட்டில் நீங்கள் கடைசியாக முடித்துக்கொடுத்த வீடு எது?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் பொறியாளர் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்து எழுத்தில் ஒரு மதிப்பு வாங்கினால் இன்னும் நல்லது. வாங்குபவருக்கு வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்பது அதே மாதிரியான ஒருவரின் கணக்கைப் பொறுத்ததுதானே.

அரசாங்கத்தின் சர்க்கிள் ரேட் (தில்லியில் 2007-இலிருந்து அமலில் இருப்பது) சந்தை விலை அல்ல. பத்திரப் பதிவுக்கான அடிமட்டம் அது. சில காலனிகளில் சந்தை விலை அதற்கு வெகு மேலே இருக்கிறது, சிலவற்றில் ஒட்டியே இருக்கிறது. அதைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் குறைத்து விற்றால், உங்களுக்குக் கிடைக்காத பணத்துக்கும் சேர்த்து வரிக் கணக்கு போடுவார்கள். ஆகவே அந்த எண்ணையும் தெரிந்துகொண்டே பேரத்தில் உட்கார வேண்டும்.

பிறகு கூட்டல் கழித்தல். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தரைத்தளத்துக்குத் தனி மவுசு, முதல் மாடிக்கும் குறைவில்லை. மேல் மாடிக்கு வெயிலும் மழை ஒழுக்கும் உண்டு என்பதால் குறையும், மொட்டை மாடி உரிமை இருந்தால் கொஞ்சம் ஏறும். பூங்காவைப் பார்த்த வீடு, கார் நிறுத்த இடம், மெட்ரோவுக்கு நடக்கும் தூரம் இவை ஏற்றும். முற்றத்தை மூடி அறையாக்கியது, நாலு மாடிக்காரர்களும் சேர்ந்து பால்கனியை முன்னே இழுத்தது போன்றவற்றைச் சொந்தக்காரர் "எக்ஸ்ட்ரா ரூம்" என்று கூட்டுவார். வங்கி அதிகாரி அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுவார். அனுமதி இருந்தால் அதற்கான கடிதத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்த அறைக்கு விலை கேட்காதீர்கள்.

வாங்குபவர் தராத விலை ஒன்று உண்டு. பெண்ணின் நிச்சயதார்த்தம் நடந்த கூடம், மாமியார் கண்ணை மூடிய அறை, முப்பத்தைந்து வருஷமாகக் கொலு வைத்த மூலை எல்லாவற்றையும் சேர்த்து நம் மனம் ஒரு தொகை போடுகிறது. அது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் வருகிறவர் குர்காவ் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. அவர்கள் பார்ப்பது அறையின் அளவும் ஸ்கூல் பஸ் வரும் இடமும்தான். அவர் "இந்தச் சுவரை இடித்துவிடலாம்" என்று உங்கள் எதிரிலேயே மனைவியிடம் சொல்வார். கோபித்துக்கொண்டு பயனில்லை. அந்த நேரத்தில் அம்மாமியை உள்ளே காபி போட அனுப்பிவிடுவது உத்தமம்.

அதிக விலை சொல்லிவிட்டுப் பிறகு இறங்கலாமே என்பார்கள். ஐந்து சதவிகிதம் பேரத்துக்கு இடம் வைப்பது நியாயம், தில்லியில் பேரம் பேசாமல் கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கமாட்டார்கள். இருபது சதவிகிதம் கூட்டி வைத்தால் வர வேண்டியவரே வரமாட்டார். முதல் ஆறு வாரத்தில் வருகிறவர்கள்தான் உண்மையாக வீடு தேடுகிறவர்கள். அவர்களைத் துரத்திவிட்டால், நாலு மாதம் கழித்து வருகிறவர் "இத்தனை நாள் ஏன் போகவில்லை? என்ன கோளாறு?" என்ற கேள்வியோடு வருவார். அப்போது சரியான விலைக்கும் கீழே இறங்க நேரும். இரண்டு மாதத்தில் பத்துப் பேர் பார்த்தும் ஒருவர்கூட எண் சொல்லவில்லை என்றால் வீட்டில் கோளாறு இல்லை, விலையில்தான்.

தரகரைப் பற்றி ஒரு கணக்கு. இங்கே பொதுவாக இரு தரப்பிலும் 1 சதவிகிதம் தரகு. வீடு 1 கோடி 40 லட்சத்துக்குப் போனால் உங்கள் பக்கத்திலிருந்து அவருக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். 1 கோடி 35 லட்சத்துக்குப் போனால் 1 லட்சத்து 35 ஆயிரம். உங்களுக்கு ஐந்து லட்சம் நஷ்டம், அவருக்கு ஐயாயிரம். ஆகவே "அங்கிள்ஜி, இதைவிட நல்ல பார்ட்டி கிடைக்காது, முடித்துவிடுங்கள்" என்று அவர் சொல்வதில் ஆச்சரியமில்லை. அவர் கெட்டவர் என்று அர்த்தமல்ல, அவர் தொழில் அப்படி. நம் கீழ் எல்லை என்ன என்பதை மட்டும் அவரிடம் சொல்லாமல் இருந்தால் போதும். அதையும் சொல்லிவிட்டுத்தான் நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு வருகிறோம்.

இனி கறுப்பு, வெள்ளை. தில்லி வீட்டுச் சந்தையில் இந்தப் பேச்சு எழாத பேரம் அபூர்வம். உதாரணத்துக்கு ஒருவர் வருகிறார். "1 கோடி 40 லட்சம் தருகிறேன். 90 பத்திரத்தில், 50 கையில்" என்கிறார். இன்னொருவர் வங்கிக் கடனில் வாங்குபவர். "1 கோடி 32 லட்சம், முழுக்கக் காசோலை" என்கிறார். எட்டு லட்சம் அதிகம் தருகிறாரே என்று முதல்வர் பக்கம் சாய்வது இயற்கை. வரியும் மிச்சமாகும் என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பார். யாருக்கு மிச்சம் என்று உட்கார்ந்து பாருங்கள். ஆண் பெயரில் பத்திரம் எழுதினால் அந்த 50 லட்சத்துக்கான முத்திரைத் தீர்வை மூன்று லட்சத்துக்குக் குறையாது. அது வாங்குபவருக்கு மிச்சம். அவரிடம் கணக்கில்லாமல் கிடக்கும் பணத்துக்கு ஒரு போக்கிடமும் கிடைக்கிறது. உங்களுக்கு? விற்றுவிட்டு ஸ்ரீரங்கத்திலோ கோவையிலோ சென்னையிலோ வேறு வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்ற இரண்டு வருஷத்துக்குள் வாங்கி லாபத்தை அதில் போட்டுவிட்டால் அந்த லாபத்துக்கு வரியே கிடையாது. இல்லாத வரியை மிச்சம் பிடிப்பதற்காக, வங்கியில் போட முடியாத, புதிய வீட்டுக்குக் காசோலையாகக் கொடுக்க முடியாத ஐம்பது லட்சத்தை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவதா? 2015 ஜூன் முதல் வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே குற்றம். வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகப் போகலாம். நாற்பது வருஷம் பென்ஷனை நம்பி ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்கு இந்த வயதில் இந்தத் தலைவலி வேண்டாம். எட்டு லட்சத்தை விட்டுக்கொடுங்கள் என்றே சொல்வேன்.

முழுத் தொகையும் வெள்ளை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. கடன் வாங்கி வாங்குகிற சம்பளக்காரர்கள் தைரியமாக வருவார்கள். தங்கள் கைப்பணத்தைக் குறைவாகப் போட்டு வாங்க முடிவதால், விலையிலும் ரொம்ப இழுக்கமாட்டார்கள். பெண் பெயரில் பத்திரம் எழுதினால் தில்லியில் முத்திரைத் தீர்வை 2 சதவிகிதம் குறைவு என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். பேரத்தில் அந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் ஒரு சமாதானப் புறாவாக உதவும்.

வேறு வீடு வாங்காமல் பிள்ளையோடு இருக்கப் போகிறவர்கள் வரிக் கணக்கை முன்கூட்டியே போட வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடென்றால், அந்தத் தேதியில் வீட்டின் மதிப்பு என்னவோ அதையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்கள் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, விலைவாசிக் குறியீட்டைச் சேர்க்காமல் லாபத்தில் 12.5 சதவிகிதம், சேர்த்து 20 சதவிகிதம் என இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-இல் 20 லட்சம் பெற்ற வீட்டை 2025-26 நிதியாண்டில் 1 கோடி 20 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான குறியீடு 376. முதல் வழியில் லாபம் 1 கோடி, வரி பன்னிரண்டரை லட்சம். இரண்டாம் வழியில் 20 லட்சம் 75 லட்சத்து 20 ஆயிரமாகி, லாபம் 44 லட்சத்து 80 ஆயிரம், வரி 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு (மேல்வரிகள் தனி). 2001 மதிப்பு 10 லட்சம்தான் என்றால் முதல் வழிதான் மலிவு. ஆகவே மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவல்ல. விற்ற ஆறு மாதத்துக்குள், இதற்கென்றே அரசு குறிப்பிட்டிருக்கும் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டும் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். விற்பனை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவிகிதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவார். 2013-இலிருந்து இருக்கும் விதி இது, பயப்பட ஒன்றுமில்லை. பிடித்ததற்கான சான்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பெயிண்ட். இதில் நம்மவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஒன்றுமே செய்யாது: "வாங்குகிறவன் எப்படியும் இடிக்கப் போகிறான்." மற்றது எட்டு லட்சம் செலவழித்து மாடுலர் சமையலறை போடும். முதல் கட்சி சொல்வதில் பாதி நிஜம். தில்லியில் வாங்குகிறவர் பெரும்பாலும் தரையிலிருந்து குளியலறை வரை தம் ருசிக்கு மாற்றிக்கொள்வார். ஆகவே பெரிய செலவு செய்தால் அது திரும்பி வராது. ஆனால் ஒழுக்கும் ஈரமும் வேறு விஷயம். சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தால் பார்க்கிறவர் மனத்தில் இரண்டு லட்சத்துச் செலவு பத்து லட்சமாகத் தெரியும். ஜன்னலில் கூலர் வைத்து முப்பது கோடை தண்ணீர் சொட்டிய இடம், மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழுள்ள கூரை, மேல்வீட்டுக் குளியலறையின் கீழ்ப் பக்கம் இவற்றை முதலில் பழுது பாருங்கள். ஈரம் காயாமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மழையில் காட்டிக்கொடுத்துவிடும். மறைத்தான் என்ற பெயரும் வரும். சொட்டும் குழாய், ஆடும் ஸ்விட்ச், மூடாத கதவு எல்லாவற்றுக்கும் ஒரு பிளம்பரும் ஒரு தச்சரும் இரண்டு நாள் போதும். பிறகு வெளிர் நிறத்தில் ஒரு பூச்சு.

அதைவிட முக்கியம் காலி செய்வது. நம் வீடுகளில் இடம் இருக்கிறது, தெரிவதில்லை. பரணில் கொலுப் பொம்மைப் பெட்டிகள், கட்டிலுக்குக் கீழே பித்தளைப் பாத்திரம் நிறைந்த டிரங்குப் பெட்டி, பால்கனியில் ஓடாத கிரைண்டர், கூடத்தில் பைண்டு செய்த 'கல்கி' தொடர்கதைகள், பிள்ளையின் எட்டாம் வகுப்பு மேஜை. இவற்றைப் பிரிக்கும் வேலைக்கு ஒரு வாரம் என்று நினைப்பவர்கள் மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடும். புத்தகங்களை எடைக்குப் போடும் முன் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்கலாம். பொம்மைகளைப் பக்கத்து வீட்டு இளம் தம்பதிக்குக் கொடுத்தால் அடுத்த நவராத்திரிக்குப் படி ஏறும். வாசலில் எனாமல் பெயிண்டில் போட்ட கோலத்தை அழிக்க வேண்டுமா என்று ஓர் அம்மாமி கேட்டார். வேண்டாம் என்றேன். பஞ்சாபிக்காரர்களுக்கும் அது அழகாகத்தான் தெரிகிறது.

காலம் பார்ப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. நாம் மஹாளயம் என்று ஒதுக்கும் பதினைந்து நாளை இவர்கள் ச்ராத் என்று ஒதுக்குகிறார்கள். நம் மார்கழியும் இவர்களுடைய கர்மாஸும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த நாட்களில் அச்சாரம் கொடுக்க ஆள் வரமாட்டார். நவராத்திரியிலிருந்து தீபாவளி வரையும், பிறகு தை பிறந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரையும் நல்ல காலம். மழை முடிந்து ஈரம் காய்ந்த செப்டம்பரில் பெயிண்ட் அடித்து வைத்தால் சரியாக இருக்கும்.

அச்சாரத்துக்கு இங்கே பயானா என்று பெயர். வழக்கமாக விலையில் 10 சதவிகிதம். வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதுவார்கள். எனவே பிள்ளைகளிடம் பேசி முடிக்காமல், போக வேண்டிய இடம் நிச்சயமாகாமல் பயானாவைக் கையால் தொடாதீர்கள். கெடுவைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். அசல் பத்திரங்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். வாங்குபவரின் வங்கிக்குக் காட்ட வேண்டுமென்றால் நீங்களே எடுத்துப்போய்க் காட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள். பதிவு நாளன்று மீதித் தொகை உங்கள் கணக்கில் வரவானதைப் பார்த்த பிறகே கையெழுத்து. சாவி கொடுக்கும்போது மின்சார மீட்டர் ஓடிய அளவை ஒரு தாளில் குறித்து இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை அவர் பெயருக்கு மாற்றுவது அவர் பொறுப்பு என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு தில்லி வீட்டின் ஏ.ஸி. பில்லுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.